யார் பேரைக் கொடுப்பது

ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். அத்தனை வருஷத்தில் பிந்தி வந்தாய் என்று ஒரு கங்காணியும் என்னைக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலிருந்து திருப்பி அனுப்பியதில்லை. கூடையில் முற்றின இலை கிடக்கிறது என்று ஒரு கணக்கப்பிள்ளையும் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எழுதப்போவதைப் படிக்கிறவர்கள், இவள் விவரம் தெரியாதவள், அதனால் இப்படிச் செய்தாள் என்று நினைக்கக்கூடாது. விவரம் தெரிந்துதான் செய்தேன். தெரிந்த விவரம் தப்பாக இருந்தது.

எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளில், ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காம்பராவில் குடியிருக்கிற குடும்பத்தில் ஒருவருடைய பேராவது செக்ரோலில் இருக்கவேண்டும். செக்ரோல் என்றால் ஆபிசில் இருக்கிற வேலையாட்களின் பேர்ப் புத்தகம். வயது போய் ஒருவர் பேர் வெட்டுப்படப் போகிறது என்றால், அதற்கு முன்பே அந்த வீட்டிலிருந்து இன்னொரு பேரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் காம்பராவைப் பிடுங்கிக்கொள்வார்கள், சட்டி பானையோடு ரோட்டில் நிற்கவேண்டும். இதை யார் சொன்னது என்று கேட்டால், என் மாமியார் சொன்னார். அவருக்கு அவருடைய மாமியார் சொல்லியிருப்பார். தொழிற்சங்கத்துத் தலைவர் ஒருமுறை வந்து, அப்படி ஒரு சட்டமும் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். அவருக்குப் பட்டணத்தில் கல்வீடு இருந்தது. நாங்கள் கேட்டுவிட்டு வந்து மறுபடியும் பேர் கொடுத்தோம்.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனபிறகு எங்கள் காம்பராவுக்கு என் பேர் மட்டும்தான். பிள்ளைகள் இரண்டு. பிந்திப் பிறந்தவை. மூத்தது மகன், அவனுக்கு இரண்டு வயது இளையவள் மகள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்டாரவளையிலிருந்து சில பேர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு யாழ்ப்பாணத்துத் தலைமையாசிரியர்; பெரியாசிரியர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வாலிபப் பையன்கள் எல்லாரும் வரவேண்டும் என்று முதல்நாளே கங்காணி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்த பையன்கள் சுவர் ஓரமாக நின்றுகொண்டார்கள்.

"தம்பிமார், முன்னுக்கு வந்து இருங்கோ. ஏன் கோழி களவெடுத்த ஆக்கள் மாதிரிப் பின்னுக்கு நிக்கிறியள்?" என்றார் பெரியாசிரியர்.

முன் வாரம்தான் கங்காணி வீட்டுக் கோழி ஒன்று காணாமல் போயிருந்தது. பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் சொன்னது இதுதான். லயத்தில் பிறந்த பையன்களுக்கு, தங்களைப்போல ஒருவன் மேலே போனதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பதில்லை. பார்க்காததை எப்படி ஆசைப்படுவது? அதனால் லயத்திலேயே பிறந்து வேலைக்குப் போனவர்களைக் கூட்டிவந்திருக்கிறார். ஒவ்வொரு பையனுக்கும் ஒருவர். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார்கள், பேசுவார்கள், படிப்பைப் பார்ப்பார்கள். பையன்கள் அவர்களுக்கு அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

என் மகள் மற்றப் பெண்பிள்ளைகளோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள்தான் கேட்டாள். "பொம்பளப் புள்ளைகளுக்கு இல்லையா சேர்?"

"அதுவும் செய்வம் பிள்ளை. முதல்ல பெடியள். பெடியள்தானே கெட்டுப்போறாங்கள்."

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "கெட்டுப்போனாத்தான் கூப்புடுவாங்க போல. நாளைலருந்து நானும் மதகுல ஒக்காந்து பீடி குடிக்கிறேன்."

"வாயப் பொத்துடி" என்றேன். ஆனால் சிரித்துவிட்டேன்.

மகனுக்கு வாய்த்த அண்ணன் பண்டாரவளையில் ஒரு வங்கியில் வேலை செய்தவர். எல்ல என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். காலை ரயிலில் அப்புத்தளைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் இறங்கி, மீதி ஏற்றத்தை நடந்து வருவார். முதல் தடவை எங்கள் காம்பராவுக்கு வந்தபோது, அவருக்கென்று பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டேன். அவர் அதில் உட்காராமல் அடுப்புக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையில் உட்கார்ந்து, பால் இல்லாத சாயத்தண்ணியைச் சீனி கடித்துக் குடித்தார். அந்தக் குடிக்கிற விதத்திலேயே நம்ம ஆள் என்று தெரிந்தது.

"தம்பி, நீ என்னவாக வரணும்னு நெனைக்கிற?"

"லொறி கிளீனர்" என்றான் மகன்.

"ஏன், டிரைவரா வரக்கூடாதா?"

"டிரைவரு ஏசுவாரு அண்ணே."

"டேய், நீ டிரைவரானா நீதான்டா ஏசுவ!"

மகன் யோசித்தான். அப்படி ஒன்று இருப்பது அவனுக்கு அதுவரை தோன்றவில்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அந்த மனிதர் நல்லவர். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இரண்டு வருஷம் மழை என்றும் பனி என்றும் பார்க்காமல் வந்தார். மகன் பத்தாம் வகுப்புக்கு மேலே எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறியிருந்தான். பக்கத்தில் உட்காரவைத்து, மறுபடி எழுதவைத்து, தேறவைத்தார். அவர் கொண்டுவரும் கணக்குகளை அவன் போடமுடியாமல் முழிக்கும்போது, மகள் அரிசி கழுவிக்கொண்டே விடையைச் சொல்லிவிடுவாள். "அட, தங்கச்சி கெட்டிக்காரி" என்பார் அவர். பிறகு மகன் பக்கம் திரும்பி அடுத்த கணக்குக்குப் போவார். மகள் அப்போது அப்புத்தளையில் உயர்தர வகுப்பில் இருந்தாள். எங்கள் லயத்திலிருந்து உயர்தரத்துக்குப் போன முதல் பெண்பிள்ளை. யாரும் அவளை ஏற்றிவிடவில்லை. அவளாகவே பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

மகன் மாறினான். காலையில் எழுந்தான். சட்டைக் காலரைத் தானே தேய்த்துத் துவைத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. காலர் வெள்ளையாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு என் வருஷம் வந்தது. மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்துக் கங்காணி சொன்னார்: "அக்கா, இந்த வருஷக் கடைசியோட ஒங்க பேரு வெட்டுப்படுது. மகன் பேரத்தான குடுக்கிறீங்க? ஆம்பளப் பேரா இருந்தா நல்லம், தேயில மரம் வெட்டுற கவ்வாத்துக்கு ஆளு பத்தாது."

"பாப்போம்" என்றேன்.

அந்த மாதமே அண்ணன்காரர் ஒரு கடிதத்தோடு வந்தார். பதுளையில் படம் வரைகிற பயிற்சி ஒன்றில் மகனுக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டடங்களுக்கு, ரோடுகளுக்குப் படம் வரைகிற வேலை. இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். செக்ரோலில் பேர் பதிந்தால் பெரட்டுக்கு நிற்கவேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கமுடியாது. நான் பேர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் கடிதத்தை மடித்துக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தார்.

"தம்பி பேரக் குடுத்துறாதீங்கம்மா. குடுத்தா அவ்வளவுதான், எல்லாம் போயிரும்."

"அப்ப காம்பரா?"

அவர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஒங்க வீட்டுல என்ன செஞ்சாங்க, நீங்க படிக்கப் போனப்ப?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல அக்கா இருந்துச்சும்மா" என்றார்.

இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் மகனிடம் சொன்னேன். "ரெண்டு வருஷம்தானேம்மா. நான் வேல எடுத்த ஒடனே தங்கச்சியத் திரும்பப் படிக்க வைக்கிறேன்" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மகளிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவள் பீலியில் விழுகிற தண்ணீரில் பள்ளிக்கூட யூனிபோமைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"திங்கக்கெழம ஆபிசுக்கு வரணும் நீ."

"எதுக்கு?"

"பேரு குடுக்க."

"யாரு பேர?"

நான் குடத்தைப் பீலிக்கு நேராகத் தள்ளினேன். அவள் யூனிபோமைப் பிழிந்தாள். பிழிந்து முடித்து உதறினாள். மறுபடியும் பிழிந்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டு வருஷத்துல ஒன்னத் திரும்பப் படிக்க வைக்கிறேங்கிறான்."

"ரெண்டு வருஷத்துக்கு எனக்குப் பெஞ்சு புடிச்சு வைப்பாங்களாமா அப்புத்தளையில?"

குடம் நிரம்பி வழிந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை இருவரும் போனோம். பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இந்தப் புள்ள படிக்குதுன்னு சொன்னாங்களே?"

"படிச்சது போதுங்க ஐயா" என்றேன்.

அவர் எழுதினார். என்னிடம் மைப்பெட்டியைத் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். விரலில் மை பட நின்றவள் இல்லை. என் கையெழுத்துக்குக் கீழே மகளும் வைத்தாள். அவளுடையது இங்கிலீசில். அழகாக இருந்தது.

அன்றைக்கு அந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஐயா, பேர் கொடுக்காவிட்டால் உண்மையாகவே காம்பராவை எடுப்பீர்களா என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

மகள் ஒரு மாதம் யூனிபோமை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். பிறகு அவளே கத்தரிக்கோலை எடுத்து வெட்டி, கூடைக் கயிறு நெற்றியில் அறுக்காமல் இருக்க மடித்து வைத்துக்கொண்டாள். நல்ல தடித்த துணி. இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்தது.

மகன் படித்து முடித்தான். பதுளையிலேயே ஓர் ஆபிசில் வேலை கிடைத்தது. சொன்னபடி தங்கச்சியிடம் கேட்கவும் கேட்டான். "இப்பப் போயி சின்னப் புள்ளைகளோட ஒக்காரவா? போடா" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் நன்றாகக் கொழுந்து எடுத்தாள். கங்காணியே என்னிடம் வந்து சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு கிழவர் இருந்தார். மூன்று மகன்களும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவனும் பேர் கொடுக்கவில்லை. கிழவர் பேர் வெட்டுப்பட்டதும், இனி இவரை எப்போது இறக்கிவிடுவார்கள் என்று லயமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் போனது. தீபாவளி போனது. தைப்பொங்கல் போனது. பிறகு தோட்டத்தில் லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆட்களை விட்டார்கள். ஒரு முனையிலிருந்து அடித்துக்கொண்டே வந்தார்கள். கிழவரின் காம்பராவுக்கும் அடித்தார்கள். கதவுக்கு நீலப் பெயின்ட் கூடப் பூசினார்கள்.

நான் போய்க் கேட்டேன். "ஒங்கள ஒண்ணும் சொல்லலையா?"

"யாரு சொல்றது? நானே ஆபிசுக்குப் போயிக் கேட்டேன்மா. இருங்க தாத்தா, ஒங்களத் தூக்கி நாங்க எங்க வைக்கிறதுன்னு சிரிக்கிறாங்க."

திரும்பி வந்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் பேர் இல்லை என்று ரோட்டில் விடப்பட்ட ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மாமியார் காலத்தில் நடந்திருக்கும். வேறு தோட்டத்தில் நடந்திருக்கும். எங்கள் தோட்டத்தில், என் காலத்தில், நான் பார்க்க நடக்கவில்லை. நடந்துவிடும் முன்பே ஒவ்வொரு வீடும் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மகள் வேலை முடிந்து வந்தாள். சோறு போட்டுக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, அதே பள்ளிக்கூடத்தில் மறுபடி ஒரு கூட்டம். இந்தமுறை என் மகன் ஞாயிற்றுக்கிழமை அண்ணனாக வந்தான். நீளக்கை சட்டை, கையில் ஒரு படச்சுருள். பெரியாசிரியருக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பின்னால் மகளும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகன் நன்றாகப் பேசினான். படத்தை விரித்துக் காட்டினான். "நானும் உங்களைப் போல அந்த மதகில் உட்கார்ந்து இருந்தவன்தான். முயற்சிதான் என்னை இங்கே கொண்டுவந்தது. என் அண்ணன் எனக்கு வழிகாட்டினார். என் அம்மா எனக்காகக் கஷ்டப்பட்டார்" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கைதட்டினார்கள்.

பெரியாசிரியர், "கேள்வி இருந்தாக் கேளுங்கோ தம்பிமார்" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. பிறகு எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்துப் பையன் ஒருவன் எழுந்தான்.

"அண்ணே, நீங்க படிக்கப் போனப்ப ஒங்க காம்பராவுக்கு யாரு பேரு நின்டுச்சு?"

அந்தக் கேள்வி அங்கே இருந்த அத்தனை பேருக்கும் விளங்கும். பெரியாசிரியருக்கு மட்டும் விளங்கவில்லை. மகன் என்னைப் பார்த்தான். "அதெல்லாம்… அம்மா பாத்துக்கிட்டாங்க தம்பி" என்றான்.

பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "எம் பேருதாம்ப்பா. வீட்டுல ஒரு தங்கச்சி இருந்தாப் போதும், நீயும் ஆபிசரு ஆகலாம். ஒனக்குத் தங்கச்சி இருக்கா?"

பள்ளிக்கூடமே சிரித்தது. அந்தப் பையனும் சிரித்தான். "இருக்கு அக்கா" என்றான். மகன் கொஞ்சம் பிந்திச் சிரித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிளாசில் தேத்தண்ணி விழுகிற சத்தம் நிற்காமல் கேட்டது.

கூட்டம் முடிந்தபிறகு மகன் அவளிடம், "ஏன்டி நாலு பேருக்கு முன்னாடி அப்புடிச் சொன்ன?" என்றான்.

"கேள்வி கேக்கச் சொன்னாங்க, அவன் கேட்டான். பதில் சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே. இந்தா, ஒனக்குச் சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

அவன் குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் பதுளைக்குப் போனான்.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவள் பேரும் அடுத்த வருஷம் வெட்டுப்பட இருந்தது. மகனைப் பதுளைக்கு அனுப்பலாம் என்று பெரியாசிரியரின் ஆட்கள் சொல்லியிருக்கிறார்களாம். சின்னவள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார்மார் மெச்சுகிற பிள்ளை.

"அக்கா, நீங்க செஞ்ச மாதிரியே செஞ்சிரலாம்னு இருக்கேன். அது பேரு பதியிற வயசு வர்ற வரைக்கும் மலையில அன்னன்னைக்குக் கைக்காசுக்கு நிக்கட்டும். நின்டு பழகிட்டா பேரச் சேத்துக்குவாங்கதானே? ஆபிசுல என்னன்னு சொல்லிக் கேக்கணும்?"

மகள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்கும். கேட்கும் என்று எனக்கும் தெரியும். எப்படிக் கேட்பது என்பதை நான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும். மற்றதைச் சொன்னால், வாசலில் இருக்கிறவளுக்கும் சேர்த்துச் சொன்னதாகும். இவ்வளவு காலம் அதற்காகத்தான் வாயை மூடியிருந்தேன்.

"குடுக்காத" என்றேன். "அந்தப் புள்ளயப் படிக்க விடு. காம்பராவ ஒருத்தரும் புடுங்கமாட்டாங்க. கடைசிக் காம்பராக் கெழவரப் பாரு. பேரே இல்லாம இருக்காரு. வெள்ளையடிச்சுக் குடுத்தாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஒங்களுக்கென்னக்கா. மகன் சம்பளக்காரனாயிட்டாரு, மக பேரும் இருக்கு. இப்ப சொல்லுவீங்க. அந்தக் கெழவரு இன்னைக்கோ நாளைக்கோ, அவர யாரு வெரட்டப்போறா? எங்கள மாதிரி ஆளுகள விடுவாங்களா?"

"நான் பொய் சொல்லலடி."

"பொய்யுன்னு சொல்லலக்கா" என்று எழுந்தாள். "நீங்க குடுத்தீங்கல்ல?"

அவள் போய்விட்டாள்.

மகள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. கல்லைப் பொறுக்கி வாசலுக்கு வெளியே எறிந்துகொண்டே கேட்டாள். "புடுங்கமாட்டாங்கன்னு எப்பருந்து தெரியும்?"

"வெள்ளையடிச்சாங்கள்ல, அப்பருந்து."

"நான் பேரு குடுத்தப்பத் தெரியாது?"

"தெரியாது."

"யாருக்கிட்டயாவது கேட்டீங்களா அப்ப?"

"இல்ல."

"ம்" என்றாள்.

நான் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். அழுவாள், ஏசுவாள் என்றும் நினைத்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். அவள் முறத்தை இரண்டு தட்டுத் தட்டிப் புடைத்தாள். உமி பறந்தது. "ஒல வைங்க, அரிசி ரெடி" என்றாள். நான் உள்ளே போய் உலை வைத்தேன்.

அடுத்த மாதம் அந்தச் சின்னப்பிள்ளை பெரட்டுக் களத்துக்கு வந்தாள். நான் வேலைக்குப் போகாவிட்டாலும், விறகு எடுக்கப் போகிற வழியில் களத்தைப் பார்ப்பேன். அம்மாவின் பழைய படங்குச் சாக்கை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றாள். கூடையை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. என் மகள்தான் வரிசையிலிருந்து விலகிப் போய், கயிற்றை அவள் தலையில் இழுத்துச் சரிபண்ணி, தன் பக்கத்து நிரையில் கூட்டிக்கொண்டு போனாள்.

பொழுது சாய மகள் வந்ததும், "அந்தப் புள்ள எப்புடி?" என்று கேட்டேன்.

"கை வேகமாத்தான் இருக்கு" என்றாள். "பழகிரும்."

கால் கழுவப் பீலிக்குப் போனாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்தது என்று சொல்லமாட்டேன். முன்பும் இவ்வளவுதான் பேசிக்கொள்வோம்.